கேஸ் மாத்திரை போட்ட துண்டு

ரத்தம் எடுப்பவளுக்குக் கை நடுங்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பெரம்பலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கும் எனக்கு இதில் இரண்டாவது குணம் பிறவியிலேயே வாய்த்துவிட்டது. ஊசியும் குழாயுமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் பல்லைக் கடித்துக் கேட்கும் என் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அரை மணி நேர ஓய்வு

புரோலாக்டின் என்பது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். பதற்றமாக இருந்தாலே ஏறிக் காட்டும். அதனால் அமைதியாக உட்காரவைத்துத்தான் ரத்தம் எடுப்போம். அரும்பாவூரிலிருந்து வந்த கலைமதிக்குக் குழந்தை இல்லை. மாதவிலக்கு நின்றுபோய், மார்பில் பால் கசிந்தது. நாற்காலியில் உட்காரவைத்தேன்.

மாமியாரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மகனுக்கு வரதராஜன்பேட்டையில் வேறு பெண் பார்த்திருப்பதை, எதிரிலிருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் கலைமதியின் காதுபடச் சொன்னார். "அவங்க அமைதியா இருக்கணும்மா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புள்ளை பெத்தவளுக்குப் பால் வரும். இவளுக்குச் சும்மாவே வருதாம், கேட்டீங்களா இந்தக் கூத்தை?"

யாருடைய நம்பர்

எங்கள் லேபில் ஒரு வழக்கம். கல்யாணமான பெண்ணின் ரிப்போர்ட் புருஷனுடைய வாட்ஸ்அப்புக்குத்தான் போகும். ரத்தம் கலைமதியுடையது, முடிவு அவள் புருஷன் செந்திலுக்குப் போனது. அளவு ரொம்ப அதிகம். டாக்டர் பார்ப்பதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் பார்த்து, மூளையில் கட்டி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள் கலைமதி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி அவரவர் நம்பருக்கே அனுப்பலாமே என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வூட்டு ஆம்பளைக்குத் தெரியாம என்னம்மா ரிப்போர்ட்டு? போய் அடுத்த ஆளைக் கூப்பிடு."

மாத்திரையே சாப்பிடுவதில்லை

வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டபோது, மாமியார்தான் முந்திக்கொண்டு இல்லை என்றாராம். டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்க அனுப்பினார். நான் குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் பாட்டிலோடு மருமகளிடம் நீட்டினார்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுப்பது. எப்போதோ ஒருநாள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது, மாதக்கணக்கில் மூன்று வேளையும் தொடர்ந்திருக்கிறது. அட்டையை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னாலேயே வந்த மாமியாருக்குக் கோபம்.

"இதெல்லாம் ஒரு மாத்திரையா? கேஸுக்குப் போடுறது. டீ குடிக்கிற மாதிரிதான்!"

பஸ் சீட்டும் துண்டும்

டாக்டர் சொன்னதைச் செந்திலுக்குப் புரியவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதிலுள்ள சில செல்கள், சும்மா விட்டால் புரோலாக்டினைச் சுரந்துகொண்டே இருக்கும். மூளையிலிருந்து டோபமின் இறங்கி வந்து, செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் உட்கார்ந்தால்தான் 'போதும்' என்ற சேதி உள்ளே போகும். இந்த மாத்திரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, சேதி மட்டும் சொல்வதில்லை. அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலத்தான். துண்டு டிக்கெட் எடுக்காது, உட்கார வந்தவரையும் விடாது. துண்டை எடுத்தால் சரியாகிவிடும் என்றேன். செந்தில் அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னை முறைத்தான்.

"அப்ப எங்கம்மாதான் காரணம்னு சொல்ல வர்றியா? வார்த்தையை அளந்து பேசு."

மறுபடி ஒரு குழாய்

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். சில வாரம் கழித்துக் கலைமதி அரியலூரிலிருக்கும் அம்மா வீட்டிலிருந்து தனியாக வந்தாள். பால் கசிவு நின்றிருந்தது, மாதவிலக்கும் வந்திருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, நிம்மதியாக உட்கார்ந்து ரத்தம் கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது.

அதற்குள் செந்திலிடமிருந்து போன். ரிப்போர்ட் நல்லா இருந்தால் கூட்டிப்போவதாக இருக்கிறார்களாம், உடனே அனுப்ப வேண்டுமாம். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரில் செந்திலின் நம்பரை அழித்தேன். விரல் நடுங்கவில்லை. "உங்க நம்பர் சொல்லுங்க" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி.

"நல்லா இருந்தா ஓட்டிட்டுப் போக நான் என்ன வண்டியாக்கா? எழுதிக்குங்க என் நம்பரை."

பட்டாணி அளவு சுரப்பி ஒரு மாத்திரையை நிறுத்தியதும் திருந்திவிட்டது; ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் மனிதர்களுக்கு எதை நிறுத்துவது என்றுதான் இன்னும் எந்த லேபிலும் தெரியவில்லை.