பயணம் சொல்லாத வீடு

எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் பெரியம்மாவின் மகன். மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்தபடி நிற்கும் மாடியொன்றில் சிறிய மென்பொருள் நிறுவனம். அதில் அவர்தான் எங்கள் குழுவின் தலைவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போதும் வேறு சொல் வரவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் அப்பா வாவிக்கு வலை கொண்டு போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைந்த காலத்தில் அண்ணன் கூப்பிட்டார். அம்மா அன்றைக்குக் கோழி அடித்துச் சமைத்தார்.

வெளிநாட்டுப் பேக்கரி நிறுவனமொன்றுக்குச் செயலி செய்துகொண்டிருந்தோம். எந்த லொறி எந்தக் கடைக்கு எந்த வழியால் போக வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். வழியைத் தீர்மானிக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. லொறிகள் கூடக்கூட என் நிரல் திணறும். எனக்குத் தெரியாத கணிதம் ஏதோ அதற்குள் கிடக்கிறது என்பது மட்டும் விளங்கியது. தேடிப் பார்த்தபோது, அந்தக் கணிதத்துக்கென்றே புலமைப்பரிசிலோடு ஒரு முதுகலைப் படிப்பு இருந்தது. விண்ணப்பத்துக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் இருந்தன. மேலதிகாரியின் பரிந்துரை ஒன்றுதான் குறை.

"அண்ணன், எனக்கு ஒரு ரெஃபரன்ஸ் எழுதித் தருவீங்களா?"

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கதிரையோடு திரும்பி அறை முழுவதற்கும் கேட்கச் சொன்னார்:

"இஞ்ச பாருங்க, இவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போறாராம். அப்பாட தோணியிலயா தம்பி போகப் போறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"எழுதுவன் எழுதுவன். முதல்ல இந்த ரிலீசை முடி."

முடித்தேன். அடுத்தது வந்தது. அதையும் முடித்தேன். பல்கலைக்கழகம் அவருடைய மின்னஞ்சலுக்கு இணைப்பை அனுப்பியிருந்தது. அனுப்பிவிட்டேன் என்றார். விண்ணப்பப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே 'கிடைக்கவில்லை' என்றே இருந்தது. கடைசி நாள் அவருடைய மேசையருகில் போய் நின்றேன்.

"நெட் ஸ்லோ தம்பி. வீட்ட போய் அனுப்புறன்" என்றார். போனது கல்லடியில் ஒரு கலியாண வீட்டுக்கு. விண்ணப்பம் மூடிக்கொண்டது.

மறுநாள் தோளில் தட்டினார். "அடுத்த வருசம் பாப்பம். நீ போனா இந்த லொறிக் கோதாரிய ஆரு பாக்கிற?"

அவர் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

அதோடு விட்டிருந்தால் காலப்போக்கில் ஆறியிருப்பேனோ என்னவோ. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, "அவன் இன்னும் பழுக்கல்ல சின்னம்மா. தனியப் போய்க் கஷ்டப்படுவான் எண்டு நான்தான் மறிச்சன்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அவருக்கு நன்றி சொல்லி, மீனும் கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்பா பிடித்த மீன்.

அன்றிலிருந்து வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. பேக்கரிக்காரர்களோடு பேசும் கூட்டங்களில் மட்டும் அவருக்கு முன்னே வாய் திறந்தேன். என் ஆங்கிலம் முதலில் நொண்டியது. நொண்டட்டும் என்று விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, பேக்கரித் தரப்பின் பெண் பொறியியலாளர் கேள்விகளை என்னிடமே கேட்கத் தொடங்கினார். அண்ணன் பக்கத்திலிருந்து பேனாவை உருட்டிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க வயிறு குளிரும்.

அடுத்த வருடம் அந்தப் பெண்ணிடமே பரிந்துரை கேட்டேன். உடனே அனுப்பினார். 'போன வருடமே ஏன் கேட்கவில்லை?' என்று எழுதியிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். எதையும் மெழுகவில்லை.

இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்தன. வெளிநாட்டுக்குப் போகிறவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு வீட்டை விட்டால் ஊர் கவனிக்கும். நான் பெரியம்மா வீட்டை விட்டேன்.

"வேலை எடுத்துத் தந்த புள்ளையெலுவா? ஊர் என்ன மனே சொல்லும்?" என்றார் அம்மா.

"சொல்லட்டும் எண்டுதானம்மா போகல்ல."

ஊர் சொல்லியிருக்க வேண்டும். புறப்படுவதற்கு முதல்நாள் அண்ணன் தானே வந்தார். விறாந்தை முழுக்கச் சொந்தக்காரர். நடுக் கதிரையில் இருந்துகொண்டு தொடங்கினார்: "இவன்ட கையப் பிடிச்சி ஆளாக்கினது ஆரு? கேட்டுப் பாருங்க."

கேட்டேன். "அண்ணன், அந்த ரெஃபரன்ஸ் போயிற்றா? இன்னும் நெட் ஸ்லோவா?"

குவைத்திலிருந்து வந்திருந்த மாமா, "என்னடா அது?" என்றார்.

"நான் படிக்கப் போறதுக்கு இவர் ரெண்டு வரி எழுதணும் மாமா. எழுதுறன் எண்டு சொல்லிச் சொல்லி என்ட ஒரு வருசத்த எரிச்சவர். மறுகா வந்து, நான் பழுக்கல்ல எண்டு அம்மாட்ட சொன்னவர்."

"பகிடி விடுறான்" என்று அண்ணன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அம்மா என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க தம்பி" என்றார். அதுவரை என்னைப் போலவே அவரையும் மனே, மகனே என்றுதான் கூப்பிட்டவர்.

படிக்க வந்த இடத்தில் முதல் குளிர்காலத்தில், அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகிய தங்கச்சி ஒருத்தி செய்தி அனுப்பினாள். 'அவர் எனக்கும் எழுதுறன் எழுதுறன் எண்டு இழுக்கிறார், அண்ணா.' அவளுக்குப் பரிந்துரை எழுத எனக்குத் தகுதி இருந்தது. பரீட்சைக்குப் படிப்பதை மூடி வைத்துவிட்டு எழுதினேன். அவள் போய்விட்டாள். பிறகு அதே அலுவலகத்தில் அவளுடைய நண்பன் கேட்டான். அவனும் போய்விட்டான். பெரிய மனம் என்கிறார்கள் என்னை. அம்மாகூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. ஒவ்வொருவராக அவருடைய மேசையைச் சுற்றி வெறுமையாக்குகிறேன். நேற்று இன்னொருவன் கேட்டிருக்கிறான், தயங்கித் தயங்கி, நேரமிருந்தால் என்று.

நேரம் இருக்கிறது.