எறும்புப்புகாவின் வீடு

அலுமினிய ஜன்னல் பொருத்துகிறவருக்கு ‘எறும்புப்புகா’ என்று பட்டப்பெயர். அவர் பொருத்திய ஜன்னலில் எறும்புகூட நுழையாதாம். அந்தப் பேரைக் கேட்டால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது. நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடவும் தெரியாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், எந்த ஓரத்தில் பசை விட்டிருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்.

எட்டு வயது மகளுக்கு இரண்டு மாதமாக மூச்சு இழுப்பு. தூசி ஆகாது என்றார் டாக்டர். அது போதாதா இவருக்கு? படுக்கையறை ஜன்னலைச் சிலிக்கோன் பசை வைத்து ஒட்டினார். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி ஓட்டையைத் தகடு போட்டு மூடினார். இழுப்பு கூடியது. இன்னும் எங்கேயோ சந்து இருக்கிறது என்று டார்ச்சோடு சுவர் சுவராக அலைந்தார். துவைத்த துணிகூட உள்ளேதான் காய்ந்தது. மனைவி சொன்னது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டதும் அழைக்கப் போனார். மகள் மைதானத்தில் புழுதி பறக்க ஓடிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்ப் பிடித்து நெஞ்சில் காதை வைத்தார். இழுப்பே இல்லை.

“வீட்டுக்கு வந்தாதாம்ப்பா இழுக்குது. நான் இங்கயே இருந்துக்கட்டுமா?”

வீடு வந்ததும் அவள் கட்டிலை இழுத்தார். தலைமாட்டுச் சுவர் ஈரத்தில் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது.

“வெளித்தூசி உள்ள வராம பாத்தீங்க. உள்ள இருக்கிற ஆவியும் புகையும் எங்க போகும்? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்,” என்றாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பிளேடால் ஜன்னல் ஓரத்தைக் கீறித் திறந்தார். ஃபேனைத் திரும்ப மாட்டினார். சுவரைச் சுரண்டிக் கழுவி உலரவிட்டார். பத்தே நாளில் மகளின் இழுப்பு அடங்கியது. இவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. போன மாதம் கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டில், கேட்காமலே குளியலறை வென்டிலேட்டரையும் அடைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

“வாங்கண்ணே. ஜன்னலெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“குழந்தைக்கு இருமல் இருக்காம்மா?”

அவள் சிரிப்பு நின்றது.

“இருக்கே. உங்களுக்கு யார் சொன்னா?”