இரண்டாம் அடுப்பிலிருந்து ஒரு ‘வா’

மாஸ்டருக்குக் கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு, வேறு யாரையும் உப்புப் பார்க்க விடாத திமிரும் உண்டு. அவர் கைப்பக்குவத்தில் ஒரு வாய் சாப்பிட்டவர்கள் அதையெல்லாம் மன்னித்துவிடுவார்கள். ஆனால் ஆள் இல்லாத அடுப்போடு பேசுகிறவரை எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கொள்வது?

அந்த உணவகத்தின் சமையலறை ரயில்பெட்டி மாதிரி நீளமானது. ஒரு பக்கம் அடுப்புகள், மறுபக்கம் காய் நறுக்கும் மேசை, நடுவே ஒன்றரை ஆள் போகிற சந்து. கொதிக்கிற பாத்திரத்தோடு ஒருவர் முதுகுக்குப் பின்னால் போவதானால் “பின்னாடி!” என்று குரல் கொடுக்க வேண்டும். நிற்பவர் “வா!” என்று சொல்லி அடுப்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ‘வா’ காதில் விழும்வரை அடி எடுத்து வைக்கக் கூடாது. சட்டம் போட்டவர் மாஸ்டரேதான்.

இரண்டாம் அடுப்பில் நின்றவர் அவருடைய தங்கை கணவர். சும்மா சொல்லக் கூடாது, அவர் நின்றால் சமையலறையே கலகலவென்று இருக்கும். “வா மச்சான்!” என்று இழுத்துச் சொல்லிவிட்டு, கடந்து போகிற பானையில் கரண்டியை விட்டு ருசியும் பார்த்துவிடுவார். “வீட்ல உன் தங்கச்சி உப்பையே கண்ணுல காட்டுறதில்ல. இங்க வந்துதான் உயிர் பிழைக்கிறேன்” என்பார். மாஸ்டரின் பானையில் கரண்டி விட உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தைரியம்.

ஒரு விடுமுறை நாளில், செருப்பு மாட்டக் குனிந்த மாப்பிள்ளை நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். சூப் பானையைத் தூக்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் “பின்னாடி!” என்றார். அடுப்பில் யாரும் இல்லை. ஆனால் கால் நகர மறுத்தது. ஆவி முகத்தில் அடிக்க அப்படியே நின்றார். புகைபோக்கி விசிறியின் இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லமாக, “வா மச்சான்” என்று கேட்டது. அவர் நடந்தார்.

அன்றிலிருந்து தினமும் கேட்டது. அந்த அடுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் பாவம், ஒழுங்காகத்தான் “வா” சொன்னார்கள். “உன்னைக் கேக்கல” என்று மாஸ்டர் விசிறியையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள்.

முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இனிமே வர்ற ஆளும் ஓடினா, கூடவே நீங்களும் கிளம்பிடுங்க மாஸ்டர்.”

அடுத்த ஆளாக வந்து நின்றது தங்கை.

மற்றவர்களிடம் சொன்னதை மாஸ்டரால் இவளிடம் சொல்ல முடியுமா? இவள் வாயிலிருந்து ஒருமுறை ‘வா’ வந்துவிட்டால், அந்தக் குரல் இனி வரவே வராது என்று அவருக்குப் பயம். மாப்பிள்ளையை இன்னொரு தரம் சாகக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

மதியக் கூட்டம் நெரித்தது. “சூப் எங்கே?” என்று பரிமாறுகிறவர் ஜன்னலில் கத்தினார். மாஸ்டர் பானையைத் தூக்கினார். தன் சட்டத்தைத் தானே மீறி, வாயை இறுக மூடிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நுழைந்தார். அதே நேரம் அவள் வாணலியோடு ஓர் அடி பின்வாங்கினாள்.

மாஸ்டர் பானையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். கொதிக்கும் சூப் அவர் முன்கையில் வழிந்து தரையில் கொட்டியது.

தங்கை அவர் கையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள். கோபத்தில் குழாயை முழுசாகத் திருகினாள்.

“ஏண்ணா குரல் குடுக்கல?”

“முடியலம்மா. நீ பதில் சொல்லிட்டா அவன் சொல்றது நின்னுடும்.”

அவள் அவர் கையைத் தண்ணீருக்கடியில் மெல்லத் திருப்பினாள்.

“வீட்லயும் அவரு அப்படித்தான். டீ டம்ளரை எடுத்துட்டு வந்தாக்கூட ‘பின்னாடி’ன்னு கத்துவாரு. வீடா கடையான்னு திட்டிக்கிட்டே ‘வா’ம்பேன். இப்பவும் அடுப்புகிட்ட நின்னா முதுகுக்குப் பின்னால அவரு வந்து நிக்கிற மாதிரியே இருக்கு. குரல்தான் வர மாட்டேங்குது. நான் வேலைக்கு மட்டும் இங்க வரலண்ணா. அந்தப் ‘பின்னாடி’யை யார் வாயாலயாவது கேக்கணும்னுதான் வந்தேன். நீயும் வாயை மூடிக்கிட்டா நான் எங்க போவேன்?”

மாஸ்டர் அழுதார். யார் பார்க்கிறார்கள் என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை. பிறகு கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, மிச்சமிருந்த சூப்பைத் தூக்கினார்.

“பின்னாடி!”

“வா!” என்றாள். அடுப்போடு ஒட்டிக்கொண்டவள், பக்கத்தில் நிற்கும் யாரையோ தன்னோடு இழுத்துக்கொள்வதுபோல இடது கையை வெறும் காற்றில் வளைத்தாள். இரண்டு பேர் ஒதுங்கிக் கொடுத்த சந்தில் மாஸ்டர் கடந்து போனார்.

ஜன்னலில் பானையை வைக்கும்போதுதான் பார்த்தார். தூக்கும்போது இல்லாத ஒரு கரண்டி சூப்புக்குள் கிடந்தது. திரும்பினார். தங்கையின் கரண்டி அவள் வாணலியிலேயே இருந்தது.