கடைசியாகத் தொட்ட நேரம்

ஸ்ப்ரே பெயின்ட் வாசனை...

ஜெலுத்தோங்கில் ஒரு கார் பட்டறைக்கு மேல்மாடியில்தான் அப்போது எங்கள் ஆபீஸ். கீழே பெயின்ட் அடித்தால் மேலே குடிக்கிற பால் சேர்க்காத தே ஓ-வும் அப்படியே மணக்கும். ஏர்கோன் வேறு ஒழுகும். வாளியை யார் கொட்டுவது என்று எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் தினம் சண்டை.

ஸ்டெல்லா என்னைவிட இளையவள், வேலையில் கெட்டிக்காரி. ஜுருவில் ஒரு லோரி கம்பெனிக்கு நாங்கள் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் சிஸ்டத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். டிரைவர்கள் சரக்கை இறக்கியதும் போனில் ஒரு பட்டனைத் தட்டுவார்கள். உடனே பட்டியலில் அவரவர் பெயருக்கு நேரே நேரம் மாறும். அதற்காக நாங்கள் எதுவுமே எழுதவில்லை. எந்த விவரம் மாறினாலும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் வசதி, சிஸ்டத்துக்கு அடித்தளமாக நாங்கள் எடுத்துக்கொண்ட ஃபிரேம்வொர்க்கிலேயே இருந்தது.

"அதுவே பாத்துக்கும் லா அக்கா, நமக்கு ஏன் தலவலி?" என்பாள்.

அந்தக் கம்பெனியில்தான் அவளுடைய அண்ணன் பிரான்சிஸும் லோரி ஓட்டினார். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனார். வெளியூர் ஓட்டம் என்றால் ஓரிரு நாள் ஆகும், அதனால் வீட்டில் யாரும் பதறவில்லை. புதன்கிழமைதான் தெரிந்தது... லோரி ஜுருவில் ஒழுங்காக நிற்கிறது. ஆளைக் காணோம். போனும் அணைந்திருந்தது.

கடைசியாக எப்போது பட்டனைத் தட்டினார் என்று போலீஸ் கேட்டது. ஸ்டெல்லா திறந்து பார்த்தாள்.

"அக்கா! நேத்து மத்தியானம் தட்டியிருக்காரு! இருக்காரு அக்கா, இருக்காரு!"

அந்த நிமிடமே அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

பிறகுதான் பட்டியலைக் கீழே தள்ளினாள். எல்லா டிரைவர்களுக்கும் அதே நேரம், நொடி பிசகாமல். முந்தின நாள் மத்தியானம், எல்லாருடைய போன் நம்பருக்கும் முன்னால் நாட்டு எண்ணைச் சேர்க்க அவளே ஓட்டிய திருத்தம் அது. ஃபிரேம்வொர்க் தன் கடமையைச் செய்து, பழைய நேரத்தையெல்லாம் அழித்துப் புது நேரத்தைப் போட்டுவிட்டது. ஞாயிறு எடுத்த பேக்கப்பில் திங்கட்கிழமைக்கு ஏது இடம்?

"அது அண்ணன் இல்ல அக்கா... நான்."

அழவில்லை அவள். அன்று வாளியை நானே எடுத்துப்போய்க் கொட்டினேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. பிரான்சிஸ் அண்ணன் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா இந்த வேலையையே விட்டுவிட்டு அம்மாவோடு நிபோங் திபாலில் இருக்கிறாள். நான் இப்போது வாசனையே இல்லாத, பளபளவென்ற ஆபீஸில். சண்டை போடத்தான் ஆளில்லை.

போன வாரம் ஆபீஸ் குரூப்பில், புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் மல்லுக்கு நின்றார்கள்... ஃபிரேம்வொர்க்கில் இந்தத் தானியங்கி நேரம் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று. பதில் எழுதினேன், அழித்தேன். எடுத்தால் மட்டும் என்ன திரும்பி வரப்போகிறது?

அந்த லோரி கம்பெனி இன்னும் அதே சிஸ்டத்தில்தான் இருக்கிறது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டியலில் பிரான்சிஸ் அண்ணன் பெயரும் இருக்கிறது. யார் எந்தத் திருத்தத்தை ஓட்டினாலும் அவருக்கும் புது நேரம் விழும். எனக்குப் பார்க்கவே தாங்கவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "பேர எடுத்துடச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"வேணாம் அக்கா, இருக்கட்டும். அம்மாகிட்ட நான் இன்னும் உண்மைய சொல்லல. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் கேப்பாங்க. 'இந்த வாரமும் அண்ணன் நேரம் மாறியிருக்கும்மா'ன்னு சொல்லுவேன்... அதக் கேட்டாத்தான் சாப்பிடுறாங்க."