தண்ணி வாற நாளில் ஒரு வாசல்காரன்

கட்டட வாசலில் இருப்பவனுக்குச் சம்பளம் தருவது வீட்டுக்காரர்கள், வேலை வாங்குவது வானிலை. பலெர்மோவில் படி துடைக்கும் சகோதரங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. லிபெர்த்தாத் தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான்தான் வாசல்காரன். போன கோடையில் அந்த வேலைக்கே ஆபத்து வந்தது.

செம்மண் காற்று

ஆபிரிக்காப் பக்கமிருந்து ஷிரோக்கோக் காற்று அடித்தால் மொட்டை மாடியெல்லாம் சிவப்புத் தூசி. வந்த புதிதில், காற்று ஓய முன்னமே முழுவதையும் கழுவித் தள்ளினேன். பின்னேரம் சேற்று மழை பெய்து எல்லாம் பழையபடி சிவப்பு. இரண்டாம் மாடிக் கிழவி சின்யோரா சன்னலால் பார்த்துச் சிரித்தா. "புதுசா வாற ஆக்கள்தான் உடனை கழுவுவினம். அடுத்தமுறை நீர் பொறுத்திருப்பீர்."

பூட்டிய குழாய்

கோடையில் இங்கே குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வரும் நாளில் கூரைத் தொட்டிகளை நிரப்பிவிட வேண்டும். நான் யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் புங்குடுதீவான், நல்ல தண்ணிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன். வடக்கே பெருநிலத்து மிலானோவிலிருந்து புதிதாகக் குடிவந்த நாலாம் மாடிக்காரர் அதே நாளில் முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவினார். தொட்டி நிரம்பாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. குழாயைப் பூட்டிவிட்டேன். வாசலில் கமெரா வைத்துவிட்டு என்னை வேலையிலிருந்து அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர் கூட்டத்தில் கேட்கப்போவதாகக் கத்திவிட்டுப் போனார். உண்மையில் பயந்துபோனேன். மூன்றாம் மாடியில் வீட்டுவேலை செய்யும் என் மனைவி மட்டும் அசையவில்லை. "வேலை போனாப் போகட்டும். தண்ணியைக் கொட்ட விட்டிட்டு தீவான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

கூட்டம்

முற்றத்தில் கதிரை போட்டுக் கூடினார்கள். கமெரா லீவு கேட்காது, சம்பளம் கேட்காது, குழாயில் கை வைக்காது என்றார் மிலானோக்காரர். சிலர் தலையாட்டினார்கள். நான் கேற்றடியில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டாம் மாடி சின்யோரா மெல்ல எழும்பினா. "நீங்கள் பெருநிலத்து ஆள், உங்களுக்கு விளங்காது. இது தீவு. இஞ்சை குழாயைப் பூட்டுற ஆள்தான் வேணும்."

மற்றவர்களின் கைகள் எனக்காக உயர்ந்தபோது நெஞ்சு நிமிர்த்தி நின்றேன். யாழ்ப்பாணத்தில் 'தீவான்' என்பது நக்கல், இங்கே அதுதான் என் தகுதிச் சான்றிதழ். ஆனால் குழாய் பூட்டிக் கிடப்பதால் மிலானோக்காரரின் காரை இப்போது வாராவாரம் கழுவுவதும் நான்தான், ஒரே ஒரு வாளித் தண்ணியில்.