நாலு வண்டியும் ஒரு கொக்கியும்

மருதப்பனைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்துப் பினாங்குத் துறைமுகத்தில் குறைவு. ஆனால் நல்லவிதமாகத் தெரிந்திருந்தது கொஞ்ச காலம்தான். வெல்ட் கீ கரையோரம் இருந்த ஓர் அரிசிக் கிடங்கில் கைவண்டிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. அச்சு தேய்ந்தால் மாற்றுவான், ஆரக்கால் உடைந்தால் புதிதாகச் செருகுவான். வேலை செய்யும்போது வாயே திறக்கமாட்டான். முடித்த பிறகு அதைப் பற்றியே பேசுவான், கேட்பவர் எழுந்து போகும்வரை. தன் கைவேலைமீது அவனுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவன் அக்கா வீட்டில் மண்ணை வாரிப் போட்டது.

அக்கா நல்லம்மாளை விட்டால் இந்த ஊரில் அவனுக்கு வேறு சொந்தம் இல்லை. அவள் சுங்கை பினாங்கில் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசையில் இருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அவள் புருஷன் காத்தமுத்து அதே கிடங்கில் கைவண்டி இழுத்தான். தொங்கான் படகுகளில் வந்து இறங்கும் மூட்டைகளைக் கிடங்குக்கு இழுத்து வருவதற்கு ஒரு செட்டுக்கு நாலு பேர், நாலு வண்டி. காத்தமுத்துவின் செட்டில் மற்ற மூவர் பஷீர், ஜெயராஜ், சொக்கன்.

காத்தமுத்துவுக்கு நெஞ்சில் இருமல் வந்து தங்கிவிட்டது. அதை அந்த மூவரும் வேலை வாங்கும் மண்டோர் அடைக்கலத்தின் கண்ணில் படாமல் மறைத்தார்கள். அரிசி மூட்டைகளைத் தங்கள் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, கனம் குறைந்த கொப்பரைச் சாக்குகளை அவனுக்கு ஒதுக்கினார்கள். அவன் மூச்சு வாங்கினால் பஷீர் வேண்டுமென்றே நின்று பீடி பற்றவைப்பான். அவன் குடித்த குவளையை அலம்பாமல் வாங்கிக் குடிப்பார்கள். ஒருநாளும் ஒருத்தன் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்ட மனுஷர்கள் அவர்கள்.

அதுதான் காத்தமுத்துவைத் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் மருதப்பனிடம் சொன்னான்.

"என் பாரத்தையும் சேத்து அவனுங்கதான் இழுக்கிறானுங்க மாப்ளே. எத்தன நாளைக்கு லா இப்பிடி? வெறும் வண்டியவாச்சும் நான் ஒருத்தனே திருப்பிக் கொண்டுபோனா, அவனுங்க செத்த நேரம் ஒக்காந்து தேத்தண்ணி குடிப்பானுங்க. நாலையும் எப்பிடி இழுக்கிறதுன்னுதான் தெரியல."

நல்லம்மாள் கழுவிய சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மருதப்பன் அவள் கையையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்ததில் இலையில் சோறு காய்ந்துவிட்டது.

"என்ன தம்பி, கொழம்பு ஒறப்பா இருக்கா?" என்றாள் அவள்.

"அந்தச் சட்டியத் திரும்ப எடுத்து அடுக்குக்கா," என்றான் அவன்.

அதிலிருந்து பிறந்ததுதான் அந்த வண்டி. பழைய வண்டிகள் நீள்சதுரமாக இருந்தன. ஒன்றை ஒன்றோடு சேர்த்தால் இடித்துக்கொண்டு நிற்கும். மருதப்பன் வண்டியின் முன்பக்கத்தை ஒடுக்கினான், பின்பக்கத்தை அகட்டினான். பின்பலகையைக் கீல் வைத்து மேலே தூக்கும்படி செய்தான். இப்போது ஒரு வண்டியின் ஒடுங்கிய மூக்கு முன்னால் நிற்கும் வண்டியின் வயிற்றுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நாலும் சேர்ந்தால் ஒன்றரை வண்டி நீளம்தான். பலகையையும் லேசான மரமாக மாற்றிக் கனத்தைக் குறைத்தான். இருமல்காரன் ஒருத்தன் நாலையும் ஒரே கையில் தள்ளிக்கொண்டு போகலாம்.

காத்தமுத்து முதல் தடவை அப்படித் தள்ளிக்கொண்டு போனபோது கரையே நின்று பார்த்தது. மற்ற மூவரும் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். ஜெயராஜ், "இன்னிக்கு நாங்க தொரை மாதிரி நடக்கிறோம் லா," என்றான். காத்தமுத்து சிரித்தான். அவன் சிரித்து மருதப்பன் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

மூன்று ஆட்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது எந்த மண்டோரின் கண்ணுக்குத்தான் பிடிக்கும்? அடைக்கலம் கெட்டவன் இல்லை, கணக்கானவன். வண்டிக் கொட்டகைக்கு வந்து மருதப்பனின் தோளில் கை போட்டான்.

"மருதப்பா, ஒன் கையில வித்த இருக்கு. தொரையே வந்து பாத்துட்டுப் போனாரு. வெறும் வண்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போவுது சரி. பாரம் ஏத்துன வண்டிய அப்பிடிச் சேத்து இழுக்க முடியுமா?"

இங்கேதான் மருதப்பன் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். அவன் யோசிக்கவில்லை. துரை வந்து பார்த்தார் என்ற பேச்சில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு வளையம், பின்வண்டியின் முன்புறம் ஒரு கொக்கி. திருப்பங்களில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கொக்கியின் கழுத்து சுழலும்படி வைத்தான். இரண்டு வண்டிகள் பாரத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வந்தன. இழுப்பவனுக்குத்தான் நரம்பு தெறிக்கும். அதை அவன் இழுத்துப் பார்க்கவில்லை. வண்டிகள் வளைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் மண்டோர் திரும்ப வந்தான். "இனி செட்டுக்கு ரெண்டு பேர் போதும்னு மேல சொல்லிட்டாங்க. யார நிறுத்தட்டும்?"

மருதப்பனுக்கு அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. அவன் மண்டோரின் கையைப் பிடித்தான்.

"அண்ணே, எங்க மச்சான மட்டும் எடுத்துறாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கூடப்பிறந்தவளின் சோற்றைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக் கெஞ்சினான். நம் ஆட்களில் யார் கெஞ்சியிருக்க மாட்டார்கள்? மண்டோரும் மனசு இளகிச் சம்மதித்தான். ஜெயராஜும் சொக்கனும் போனார்கள். ஜெயராஜ் பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டான். சொக்கன் பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோப்புக்குப் போனதாகச் சொன்னார்கள்.

மிச்சம் இருந்தது பஷீரும் காத்தமுத்துவும். ஆளுக்கு இரண்டு வண்டி, நிறைபாரம். ஒதுக்கிக் கொடுக்கக் கொப்பரைச் சாக்கும் இல்லை, மறைத்துக்கொள்ள முதுகுகளும் இல்லை. வழியில் நின்று பீடி பற்றவைத்த பஷீரை மண்டோர் திட்ட, "அந்த மனுஷன் மூச்சு விடட்டும்னுதான் நிக்கிறேன்," என்று பஷீர் பதிலுக்குக் கத்தினான். அத்தோடு அவன் வேலையும் போயிற்று. கெப்பாலா பத்தாஸில் அவன் மாமனார் வயல் இருந்தது. அங்கே போய்விட்டான்.

மருதப்பன் கொக்கிகளைக் கழற்றி எறிந்தான். மண்டோர் ஒரு சீனக் கொல்லனிடம் அளவு காட்டி வேறு கொக்கிகள் அடித்து வாங்கிவிட்டான். நல்ல யோசனை ஒன்றைச் செய்து காட்டிய பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்று மருதப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேல வேணாம் மச்சான், வீட்டுல இருங்க. நான் பாத்துக்கிறேன்," என்று காத்தமுத்துவிடம் போய்ச் சொன்னான்.

"எனக்காக மூணு பேரு வேல போயிருக்கு மாப்ளே. நான் வீட்டுல ஒக்காந்தா அது என்ன நியாயம்?" என்றான் காத்தமுத்து. மழைக்காலம் முடியுமுன் அவன் வண்டியடியில் ரத்தம் கக்கி விழுந்தான். பிறகு பாயை விட்டு எழவில்லை.

அவன் செத்தது ஒரு விடிகாலை. பக்கத்து வீட்டு ராமசாமிக் கிழவர் கூன் முதுகோடு வந்து மூங்கில் வெட்டிப் பாடை கட்டிக் கொடுத்தார். கொள்ளிச் சட்டியைத் தாமே தூக்குவதாகவும் சொன்னார். மற்றவர்கள் ரத்தம் கக்கிய வீடு என்று பயந்து தெருவோடு நின்றுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. பாடையைத் தூக்க நாலு தோள் வேண்டும். மருதப்பனுடையது ஒன்று.

அவன் கிடங்குக்கு ஓடினான். "மூணு பேர அனுப்புங்கண்ணே. மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க."

அடைக்கலம் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "கப்பல் நிக்குது மருதப்பா. ஆளுக்கு எங்க போவேன்? செட்டுக்கு ரெண்டு பேர்தான், ஒனக்குத் தெரியாததா? நாலு பேர் வேலய ரெண்டு பேர் பாக்கிறானுங்க." கொஞ்சம் நின்று, "வேணும்னா வண்டி ஒண்ண எடுத்துக்கிட்டுப் போ," என்றான்.

சுங்கை பினாங்குவரை அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் மருதப்பன் எத்தனை தடவை நின்றானோ தெரியாது. வண்டியைப் பார்த்ததும் நல்லம்மாளின் அழுகை நின்றுபோயிற்று.

"நாலு பேர் கெடைக்கலியா தம்பி?"

"வண்டி இருக்குக்கா."

தலைமாட்டை அவன் தூக்க, கால்மாட்டைக் கிழவரும் அவளும் தூக்கினார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைவதற்காக ஒடுக்கிச் செய்த வண்டியில் பாடை நேராக உட்காரவில்லை. சாய்ந்தது. கயிற்றால் கட்டினான். தெருமுனையோடு நல்லம்மாள் நின்றுகொண்டாள். முன்னால் கிழவர் கொள்ளிச் சட்டியோடு நடக்க, பத்து லஞ்சாங் என்ற இடத்திலிருந்த மயானம் வரைக்கும் மருதப்பன் தன் மச்சானை இழுத்துக்கொண்டு போனான். பின்னால் எதுவும் மாட்டாத இரும்பு வளையம் வழியெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

திரும்பும்போதும் அந்த வண்டியைத்தான் இழுத்து வர வேண்டியிருந்தது. கிடங்குக்காரர்களின் வண்டி, விட்டுவிட்டு வர முடியாது.

அதன் பிறகு மருதப்பன் வெகு காலம் இருந்தான். அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான். கரையோரம் எல்லாக் கிடங்குகளிலும் அந்த மாதிரி வண்டிகள் வந்துவிட்டன. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊரில் எந்தத் தமிழன் செத்தாலும், தெரிந்தவனோ தெரியாதவனோ, எந்த நோயில் செத்தவனோ, பாடைக்குத் தோள் கொடுக்க அவன் போய் நின்றான். ஆள் இல்லாத வீடுகளில் அவனைத் தேடி வந்தே கூப்பிட்டார்கள். அவன் இடது தோள் காய்த்துப்போயிருந்தது.

ஒருநாள் அப்படி ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தான். நல்லம்மாள் சட்டிகளை இப்போதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பதில்லை, சுவரோரம் தனித்தனியாகக் கவிழ்த்துத்தான் வைப்பாள். சோறு போட்டவள் அவன் தோளைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"நீ எத்தன பேர வேணும்னாலும் தூக்கு தம்பி. அவர நீ இழுத்துக்கிட்டுதான் போன."

சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்தான்.