கெட்டி ஆயில் வேண்டாமுங்க

சோமனூரிலிருந்து துணி ஏற்றிப்போக எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டீசல் பிக்கப். அது நின்றால் தறிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதனால் ஆயில் மாற்றும் நாள் வந்தாலே எனக்குக் கவலைதான். போதாததற்கு அன்று என் மனைவியின் அண்ணனும் கூடவே வந்துவிடுவார்.

மச்சான் பழைய லாரிகளை ஓட்டியவர். ஆயிலைப் பார்த்து வாங்க அவரிடம் ஒரே ஒரு முறைதான் உண்டு. ஒரு சொட்டை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து, விரல்களை மெல்லப் பிரித்து, நூல் மாதிரி இழுக்கிறதா என்று பார்ப்பார். கடலை எண்ணெயையும் இப்படித்தான் வாங்குவார். எங்கள் பக்கத்துப் பாதி இன்ஜின்களுக்கு ஆய்வுக்கூடம் இந்த மாதிரி விரல்கள்தான்.

எங்கள் வண்டியோ புது ரகம். புகையிலுள்ள கரியைப் பிடிக்க அதில் ஒரு ஃபில்டர் உண்டு. சாம்பல் அதிகம் விடாத, மெல்லிய ஆயில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் ஃபில்டர் அடைத்து வண்டி இழுக்காது என்கிறது வண்டியோடு வந்த புத்தகம். நல்ல நாவல்களையே பாதியில் மூடிவைக்கிற நான், இதை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன்.

பட்டறையில் நான் கொண்டுபோன கேனைத் திறந்து மச்சான் ஒரு சொட்டுத் தேய்த்தார். நூல் இழுக்கவில்லை.

“ஏனுங் மாப்ள, இது ஆயிலுங்களா, ரசமுங்களா?”

மெக்கானிக் சிரித்துக்கொண்டே கெட்டி ஆயிலை எடுத்துவந்து புனலை வைத்துவிட்டார். கல்யாணமான நாள் முதல் மச்சான் சொன்ன எதற்கும் நான் ‘ஆகட்டுமுங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு வாசல் பார்க்கும் திசை, என் பல் டாக்டர், என் மீசையின் அளவு எல்லாமே அவர் தேர்வு.

“வேண்டாமுங்க மச்சான். இந்த வண்டிக்கு இதுதானுங்க.”

பிறகு ஏதாவது ஆனால் தன் பேரை இழுக்கக் கூடாது என்று மெக்கானிக் ஒதுங்கிக்கொண்டார். நானே ஊற்றினேன். பெரும்பகுதி இன்ஜினுக்குள் போனது. மிச்சத்தால் என் செருப்புக்கு உயர்தரப் பராமரிப்பு கிடைத்தது.

மறுநாள் காலை துணி ஏற்றிக்கொண்டிருந்தோம். மச்சான் வந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, தங்கையிடம் நீட்டினார். கம்பியின் நுனி கன்னங்கரேலென்றிருந்தது.

“பாரு அம்மணி, ஒரே நாள்ல கருத்துப்போச்சு. உன்ர ஊட்டுக்காரரு இன்ஜினைக் கொன்னுபோட்டாரு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

“டீசல் வண்டியில கருக்கறதுதானுங்க மச்சான் ஆயிலுக்கு வேலை. கரியையெல்லாம் அது வாங்கிக்குது. கருக்காமயே இருந்தாத்தான் நான் பயப்படோணும்.”

இப்போதே மாற்றிவிடலாம், ஆயில் தன் செலவு என்றார் மச்சான். நான் கம்பியைத் துடைத்துச் செருகிவிட்டு வண்டியை எடுத்தேன். அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். கோவை குடோன் வரும்வரை, டாக்டர் நெஞ்சுச் சத்தம் கேட்பதுபோல, தலையைச் சாய்த்து இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தார். இன்ஜின் அவருக்காக ஒரு தரம்கூட இருமவில்லை.

துணி இறங்கிய பிறகு, அடுத்த தடவையாவது கெட்டி ஆயில்தானே என்று கேட்டார்.

“இல்லைங்க மச்சான். இதேதானுங்க.”

அவர் இரண்டு விரல்களையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். புத்தகம் சொன்னது சரியா, மச்சான் சொன்னது சரியா என்பது போகப்போகத்தான் தெரியும். வண்டி நின்றால் தறிக்காரர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். ஊற்றியவன் நான்.